பாட்டு மாறினால் தொண்டை மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு காரேஜில்தான் பாட்டு வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை காலை தேவாரம் படிக்க வரும் பெண்ணே புதன்கிழமை பள்ளிக் கோரஸில் இந்த மண்ணின் சூலு மொழிப் பாட்டு பாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பத்தோடு கிறிஸ்தவ சபைக்குப் போய் மைக் பிடித்து கோஸ்பல் என்கிற பக்திப் பாட்டு பாடுகிறாள். டர்பனில் இது ஒன்றும் அதிசயமில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த பதிகமும், இந்த மண்ணில் காதில் விழுந்த பாட்டும் ஒரே தொண்டையில் குடியிருக்கின்றன.

குடியிருக்கட்டும். ஆனால் மாதத்துக்கு ஒரு அம்மாவாவது வந்து, "கோரஸுக்குப் போய்ப் போய் பிள்ளை குரல் கெட்டுப்போச்சு" என்கிறார். அந்தப் பக்கம் கோரஸ் ஆசிரியை, "கோயில் பாட்டு பாடியே இவள் கத்தப் பழகிவிட்டாள்" என்கிறார். இரண்டையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் குரல் கெடவில்லை. முதல் பாட்டுக்கு வைத்த தொண்டை அமைப்பை மாற்றாமலே பிள்ளை அடுத்த பாட்டுக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். எதை மாற்ற வேண்டும் என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

"ஊ" என்று மிக மெல்லிய குரலில், அடியிலிருந்து உச்சிவரை சைரன் மாதிரி இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய குரல் என்பது முக்கியம். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்வேன். சைரன் வழுக்கிக்கொண்டு போய், பாட்டில் மட்டும் இடறினால் அது பழக்கத்தின் கோளாறு. கீழே உள்ளவற்றைப் பாருங்கள். சைரனே நடுவில் அறுந்தால், அல்லது உச்சியில் வெறும் காற்றாகப் போனால், குரல்நாண் வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்குப் பாட்டு வேண்டாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மேலே போனால் கழுத்து நரம்பு புடைக்கிறது, மோவாய் தூக்கிக்கொள்கிறது

இதுதான் என் வகுப்பில் வரும் முதல் புகார். கோயில் பாட்டில் ஊறிய பெண்களுக்குக் கோரஸில் வருவது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 5 கட்டை சுருதியில் (மேற்கத்தியக் கணக்கில் ஜி) பாடும் பெண்ணுக்கு மத்திய ஸட்ஜம், அதாவது நடு ஸ்தாயியின் ஸ, 196 ஹெர்ட்ஸ். அதாவது குரல்நாண்கள் நொடிக்கு 196 முறை மோதுகின்றன. தார ஸட்ஜம், அதாவது மேல் ஸ்தாயியின் ஸ, 392. எட்டிப் பிடிக்கும் தார பஞ்சமம் ஏறக்குறைய 587. கச்சேரியோ கோயிலோ, பொதுவாக அதற்கு மேல் அவளை யாரும் கேட்பதில்லை. கோரஸில் சோப்ரானோ என்கிற உச்சக்குரல் வரிசையில் நிறுத்திவிட்டால் 784, சில நாள் 880 வரை போகச் சொல்வார்கள். பேசும் குரலின் கனத்தையே தூக்கிக்கொண்டு அங்கே ஏற முடியாது.

குரல்வளைக்குள் இரண்டு தசைகள் எப்போதும் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒன்று குரல்நாணைக் குறுக்கித் தடிப்பாக்கும், இன்னொன்று இழுத்து மெலிதாக்கும். ரப்பர் வளையத்தை இழுத்துச் சுண்டிப் பாருங்கள், சத்தம் ஏறும். பேசும்போதும் தேவாரம் பாடும்போதும் தடிப்புக்காரன் கை ஓங்கியிருக்கிறது. கோரஸ் மேல்ஸ்தாயியில் இழுப்புக்காரன் கைக்குப் போக வேண்டும். போகவிடாமல் பிடித்துக்கொண்டால் கழுத்துத் தசைகள் உதவிக்கு வந்துவிடும். நரம்பு புடைப்பது அதனால்தான்.

சரிசெய்வது: கீழிருந்து மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். மேலிருந்து இறக்குங்கள். தார பஞ்சமத்தை "ஊ" என்று புறா மாதிரி மெல்லத் தொடவிட்டு, ப ம க ரி ஸ என்று ஐந்து ஸ்வரம் இறங்கச் சொல்லுங்கள். மெலிந்த குரல் கீழே வரும்வரை மெலிந்தே வரட்டும். அது வந்த பிறகு அரை அரைக் கட்டையாகத் தொடக்கத்தை உயர்த்துங்கள். போன வருடம் ஒரு பெண், "அக்கா, இது என் குரலே இல்லை, யாரோ பாடுற மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தாள். இருக்கட்டும் என்றேன். 3 வாரத்தில் அந்த யாரோவும் அவளும் சிநேகமாகிவிட்டார்கள்.

இதே அறிகுறி "ஈ" வரும் இடத்தில் மட்டும் தோன்றினால் காரணம் வேறு. வாய்க்குள் இருக்கும் காற்றறைக்கென்று ஒத்ததிர்வு உண்டு, அதாவது அது தானாகவே முழங்கும் அதிர்வெண். ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் அது வேறு. "ஈ"-க்கு முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் நிற்கிறது, "ஆ"-வுக்கு 800 பக்கம். தார ஸட்ஜம் 392 என்று பார்த்தோம் இல்லையா, அங்கே சுருதியே "ஈ"-யின் ஒத்ததிர்வைத் தாண்டிவிட்டது. உதவிக்கு ஆளில்லாததால் பிள்ளை அழுத்துகிறது. நாக்கை "ஈ"-யிலேயே வைத்துக்கொண்டு தாடையை மட்டும் ஒரு விரல் அகலம் இறக்கச் சொல்லுங்கள். கேட்பவர் காதில் "ஈ"-யாகவே விழும், தொண்டை மட்டும் தளர்ந்துவிடும்.

சபையில் பாடும் கோஸ்பல் குரலுக்கு மேலே சொன்னதை அப்படியே சொல்லிக் கொடுத்தால் பாட்டு சப்பென்று போய்விடும். அங்கே தடிப்புக் குரல்தான் அழகு. தெருமுனையில் நிற்கும் தம்பியை "ஏய்!" என்று கூப்பிடும் குரல். வாய் அகலத் திறந்து "ஆ", "ஏ" என்று பாடும்போது சுருதியின் இரண்டு மடங்கு அதிர்வெண் வாயின் முதல் ஒத்ததிர்வோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கணீர் அதனால் வருவது. "ஆ"-வுக்கு 800 என்றால் பாதி 400. வாயை இன்னும் அகட்டினால் 500 வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலும் அதே கனத்தில் போனால் அது கத்தல்தான். ஆகவே பிள்ளைகளுக்கு நான் 500-ஐ ஒட்டி ஒரு வேலி போட்டுவிடுவேன். சபையில் வரும் மேல்வரி வேலிக்கு வெளியே இருந்தால், பாட்டையே ஒரு கட்டை இறக்கச் சொல்லிக் கிட்டார் வாசிப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டுத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

ஆபரா என்கிற மேற்கத்திய இசை நாடக ஆசையில் வருபவர்களும் உண்டு. மைக் இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்க, அவர்கள் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஒரு தனி மினுமினுப்பு வைத்துக்கொள்கிறார்கள். சுவீடனின் யோஹான் சுந்த்பெரி 1970-களில் இதை அளந்து காட்டினார். அருமையான வித்தைதான். மைக் வைத்திருக்கும் கோயில் மண்டபத்தில் அதற்கு வேலையில்லை.

கீழே போனால் குரல் காற்றாகிவிடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கோரஸில் வளர்ந்த பிள்ளை மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு வரும்போது மெலிந்த குரலையே கொண்டுவருகிறது. நாண்கள் சரியாகச் சேராமல் இடைவெளியில் காற்று கசிகிறது. பதிகத்தின் முதல் அடியைப் பாடவிடாமல், பேசச் சொல்லுங்கள். பாட்டி வீட்டில் சத்தமாகப் பேசுகிற மாதிரி. அப்படியே பேச்சை இழுத்துப் பாட்டாக்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு "ம்ம்" என்று உதடு கூசும்படி முனகல். அப்படியும் கேட்காவிட்டால் சுருதியை ஏற்றுங்கள். பெரிய பாடகி 5 கட்டையில் பாடினார் என்பதற்காக உங்கள் மகளும் அதே கட்டையில் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கமகம் வர வேண்டிய இடத்தில் குரல் நடுங்குகிறது

மேற்கத்திய முறையில் படித்தவர்கள் தேவாரத்துக்கு வந்தால் இது தவறாமல் வரும். அவர்கள் குரலில் இயல்பாக ஓடும் நடுக்கம் நொடிக்கு 5, 6 முறை, ஸ்வரத்தின் இரு பக்கமும் அரை ஸ்வரத்துக்கும் குறைவாக, எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி ஓடும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகத்தில் ஒரு வகையான கம்பிதம் அப்படியல்ல. தோடி ராகத்தில் காந்தாரம் (க) ரி-க்கும் ம-வுக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது; எவ்வளவு தூரம், எத்தனை தரம் என்பதை ராகமும் காலமும் தீர்மானிக்கின்றன. தானாக ஓடும் நடுக்கத்தை ஊஞ்சல் என்று நினைத்துவிட்டால் காந்தாரம் கலங்கிய குட்டை ஆகிவிடும்.

போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் போட்டுக் காட்டுங்கள். வார்த்தையால் விளக்க முடியாததை அது ஒரு நொடியில் விளக்கிவிடும். அப்புறம் இரண்டு வேலை. முதலாவது, தம்பூராவோடு ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை ஆடாமல் நிறுத்துவது. இரண்டாவது, ரி ம ரி ம என்று தாளத்தில் அட்சரத்துக்கு ஒன்றாகப் பாடி, பிறகு இரண்டாக, நான்காக ஆக்கி, கடைசியில் ஸ்வரப் பெயர்களை விட்டு "ஆ" போடுவது. (மின்சாரத் தம்பூராவை மட்டும் நம்பாதீர்கள். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டுக் காலத்தில் பாதி வகுப்பில் சுருதி செத்துப்போய், எல்லோரும் இருட்டில் ஆளுக்கொரு ஸட்ஜம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் எனக்கு நிறைய. போனில் ஒரு தம்பூரா இருக்கட்டும்.)

கர்நாடக முறையில் படித்தவர் கோரஸில் சேரும்போது தலைகீழ். மற்ற 30 பேர் நேராக நிற்க, இவர் மட்டும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் சேருவார். "படி ஏறு, சறுக்கு மரம் வேண்டாம்" என்று சொன்னால் போதும், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

சொல் சிதைகிறது

இங்கே பிள்ளைகளில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் வாசித்துத்தான் பாடுகிறார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் பேச்சு ஆங்கிலமாகி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் ஆங்கில எழுத்தோடு ஆங்கில உயிரொலியும் உள்ளே வந்துவிடுகிறது. "ஓ" என்று தொடங்கி "ஓவ்" என்று முடிப்பார்கள். "ஏ" என்பது "ஏய்" ஆகும். பேச்சில் அது காதில் விழாது. நான்கு அட்சரம் இழுக்கும் "ஓ"-வில், நாக்கும் உதடும் நகர நகர வாயின் ஒத்ததிர்வுகளும் நகர்ந்து, ஒரே சொல்லுக்குள் இரண்டு எழுத்து கேட்கும்.

கண்ணாடி முன் நிறுத்தி "ஓ" என்று எட்டு எண்ணச் சொல்லுங்கள். உதடு அசைந்தால் தவறு. அவ்வளவு சுலபம். ஆனால் என்னிடம் இதைவிட நல்ல மருந்து ஒன்று இருக்கிறது: சூலு. அந்த மொழியில் உயிர்கள் ஐந்து, ஒன்றும் வளையாது. கோரஸில் சூலுப் பாட்டை அழகாகப் பாடும் பிள்ளையிடம், "புதன்கிழமை பாடின 'ஓ'-வை எடு, அதை இந்தப் பதிகத்தில் வை" என்பேன். வைத்துவிடும். மறுபடி கேட்டால், "இதுதான் தமிழா!" என்று சிரிக்கும்.

குறில் நெடில் குழப்பத்துக்குக் கைதட்டல். கல் ஒரு தட்டு, கால் இரண்டு. ழகரத்துக்கு நாக்கு நுனி பின்னால் வளைய வேண்டும், எதையும் தொடக் கூடாது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தினமும் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

சூலுவின் சொடுக்கொலிகளில் குரல் அறுபடுகிறது என்பது எதிர்த்திசைப் புகார். பிள்ளை சொடுக்கும்போது மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. சொடுக்கொலி நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே உறிஞ்சலால் பிறப்பது. நுரையீரல் காற்றுக்கு அதில் பங்கில்லை. "ம்ம்" என்று முனகிக்கொண்டே சொடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முனகல் அறாமல் போகும். மூன்றில் ஒன்று ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது: பரிதாபமான செய்தி கேட்டு ஆயா "உச்சு" கொட்டுவாரே, அதுதான் பல்லடிச் சொடுக்கு. குதிரையை விரட்டும்போது கன்னத்தோரம் எழுப்பும் ஒலி இன்னொன்று. மூன்றாவது, புட்டியின் தக்கையைப் பிடுங்கும் சத்தம். அதற்குத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

தேசிய கீதத்தில் பாதி வழியில் சுருதி விலகிவிடுகிறது

சங்கீதம் தெரிந்த பிள்ளைதான் இதில் மாட்டிக்கொள்ளும், தெரியாத பிள்ளை கூட்டத்தோடு போய்விடும். 1997 முதல் நாம் பாடும் கீதம் ஐந்து மொழிகளில் ஓடுகிறது. ஜி-யில் தொடங்கி, ஆப்பிரிக்கான்ஸ் வரி வரும்போது டி-க்கு மாறி அங்கேயே முடிகிறது. நம் கணக்கில் 5 கட்டையில் ஆரம்பித்து 2 கட்டையில் முடிப்பது. பழைய பஞ்சமம்தான் புதிய ஸட்ஜம்.

எங்கள் பெண் ஒருத்தி பழைய ஸட்ஜத்தை மனத்தில் பிடித்துக்கொண்டே பாடினாள். திடீரென்று ஒரு பிரதி மத்யமம் (உயர்ந்த ம, கல்யாணி ராகத்தில் வருவது) வந்து நிற்க, "கல்யாணியா இது?" என்று தடுமாறி சுத்த மத்யமத்துக்கு (தாழ்ந்த ம) இறங்கிவிட்டாள். கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் தனியாக. காது கெட்டிக்காரத்தனம் செய்து கவிழ்த்த கதை.

மருந்து: முதல் பகுதி முடியும்போது பஞ்சமத்தை மனத்துக்குள் பிடித்து, அதையே "ஸா" என்று பெயர் மாற்றிக்கொள்வது. தம்பூராவை ஜி-யில் வைத்துப் பாதி, நிறுத்தி, டி-யில் வைத்துப் பாதி என்று 10 தரம் பாடினால் பதிந்துவிடும். இந்த நாட்டின் கறுப்பினப் பாடற்குழுக்கள் பல இன்றும் டானிக் சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்துத்தான் பாடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது. அங்கே "டோ" எந்தச் சுருதியிலும் உட்காரும், நம் ஸட்ஜம் போலவே. ஸ ரி க ம தெரிந்த பிள்ளை அந்த ஏட்டை அரை மணியில் வாசித்துவிடும். தெரிந்ததைத் தெரியாது என்று நினைத்துப் பயப்படுவதுதான் தடை.

மூக்கால் பாடுகிறான்

"ஆ" பாடும்போது மூக்கைப் பிடித்து விடுங்கள். ஒலி மாறினால் மெல்லண்ணம், அதாவது வாய்க்கூரையின் பின்பகுதி, தொங்குகிறது. "க், கா, க், கா" என்று சில தடவை சொன்னால் அது எழும்பும். ஒலி மாறாவிட்டால் அது மூக்கல்ல, குரலின் இயல்பான கூர்மை. நாட்டுப்பாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் அந்தக் கூர்மை வேண்டும். அடக்காதீர்கள்.

பையன் குரல் உடைகிறது

12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை பெருத்து, நாண் நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். ஒரே நாளில் இறங்காது; அதுதான் வேதனை. போன தைப்பூசத்தில் கணீரென்று பாடிய 14 வயதுப் பையன் என் முன்னே உட்கார்ந்து, காந்தாரத்தில் ஒரு தகரச் சத்தம் போட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் வரிசையில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவனிடம் ஸ்வரம் கேட்கவில்லை. "இன்றைக்கு உன்னால் சிரமமில்லாமல் தொட முடிகிற ஸ்வரங்கள் எத்தனை?" என்று கேட்டேன். ஐந்து. சரி, ஐந்துக்குள் அடங்கும் பாட்டு எது என்று தேடினோம்.

மாதத்துக்கு ஒரு தரம் அந்த எல்லையை அளந்து சுருதியை மாற்றிக்கொண்டே வாருங்கள். மேலே தள்ளவும் வேண்டாம், "முழுசா மாறும்வரை பாடாதே" என்று வாயடைக்கவும் வேண்டாம். அவனை நான் இசிகாதமியா கேட்கச் சொன்னேன். டர்பனில் சனிக்கிழமை இரவுகளில் விடிய விடியப் போட்டி போட்டுப் பாடும் ஆண்களின் பாட்டு. பாதிக்கு மேல் பேஸ் என்கிற அடிக்குரல்கள், ஒருவர்கூடக் கத்துவதில்லை. புதுக் குரலுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்ததும் பையன் தலை நிமிர்ந்தது.

காவடி முடிந்து மறுநாள் குரல் கட்டிவிட்டது

தைப்பூசம் இங்கே ஜனவரி, பிப்ரவரியின் புழுக்கத்தில் வருகிறது. உபவாசம், வெயில், நாதஸ்வரம், தவில், நாலு பக்கமும் ஸ்பீக்கர். சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-இலேயே சொன்னது. "நான் கத்தவே இல்லையே" என்று பாடகர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் குரல் அவர் காதிலேயே விழவில்லை.

எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் மூன்று மணி நேரம் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பாடி, மறுநாள் "காபி" என்று கேட்கவும் குரலில்லை. ஒரு மருத்துவர் தொண்டைக்குள் எட்டிப் பார்க்காமலே ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்தது கிருமியல்ல, வீக்கம். பாட்டு வாத்தியார் மனுவேல் கார்சியா 1854-இல் பல் மருத்துவர் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்தே தன் குரல்நாணைப் பார்த்துவிட்டார்; இன்றைக்குக் கேமரா இருந்தும் பார்க்க மனமில்லை.

செய்ய வேண்டியது: இரண்டு மூன்று நாள் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பதும் வேண்டாம், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். தண்ணீர் குடியுங்கள், ஆனால் குடித்த தண்ணீர் குரல்நாணைத் தொடாது. உடம்பு வழியாகச் சுற்றித்தான் போய்ச் சேரும், நேரமாகும். உடனடி ஈரத்துக்கு ஆவி பிடிப்பதுதான் வழி. மரத்துப்போகச் செய்யும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பாடாதீர்கள், வலி தெரியாமல் புண்ணாகும்.

திரும்பி வரும்போது, கண்ணாடி டம்ளரில் நான்கு விரல் தண்ணீர், அதில் உறிஞ்சுகுழல் இரண்டு விரற்கடை முங்கட்டும். "ஊ" என்று ஊதியபடி சுருதி சேர்த்துக் குமிழி விடுங்கள். குழலிலிருந்து திரும்பும் அழுத்தம் நாண்கள் முட்டிக்கொள்ளும் வேகத்தைத் தணிக்கிறது. குமிழி சீராகப் போனால் மூச்சும் சீர். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தரம். பிறகு அந்த மெல்லிய சைரன் சோதனை. அது தேறினால் ஒரு கட்டை இறக்கி ஒரு பதிகம். 3 வாரம் ஆகியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேமரா விட்டுப் பார்க்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். பாடும்போது ரத்தம், விழுங்க வலி, மூச்சுத் திணறல் என்றால் 3 வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது.

அடுத்த வருடக் காவடிக்கு நான் செய்த ஒரே மாற்றம்: ஒரு சின்ன ஸ்பீக்கரை என் முகத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன், என் குரல் எனக்குக் கேட்கும்படி. மைக்செட் பையன் முறைத்தான். அப்புறம், "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டபடி தூக்கிக்கொண்டு வந்தான்.